அச்சு சூடாகும் வரை

இருபது வருடத்துக்கு மேலாக என் கணவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில் நான் அன்றுதான் முதல்முறையாக நின்றேன். மழை விட்டிருந்த கார்த்திகை மாதத்து மதியம். சிப்காட் சாலையில் லாரிகள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு போயின. வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே காவலாளியிடம் போயிருக்கிறேன்.

"யாரைப் பார்க்கணும்?"

"நாகராஜ். காஸ்டிங் ஷாப் சூப்பர்வைசர். நான் அவர் வீட்டம்மா."

"உள்ள போன் எடுத்துக்கினு போக விடமாட்டோம்மா. எல்லாம் லாக்கர்ல வெச்சுட்டுத்தான் போவாங்க."

"தெரியும்ங்க. அதான் நேர்ல வந்தேன். இன்டர்காம்ல சொல்லுங்க. பொண்ணு விஷயம்னு சொல்லுங்க, உடனே வருவாரு."

அவர் முகம் மாறியது. எங்கள் பக்கம் 'பொண்ணு விஷயம்' என்றால் ஒரே அர்த்தம்தான், பெண் ஓடிப்போய்விட்டாள். இன்டர்காமில் பேசி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எந்த ஊர்ப் பக்கம் போயிருக்குதும்மா?"

"இங்கிலாந்து."

"அவ்ளோ தூரமா!" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க, உக்காருங்க."

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. என் உள்ளங்கையில் வியர்த்துக் கிடந்த போனில், என் மகள் பவித்ரா அனுப்பிய ஒரு செய்தி இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வழக்கப்படி தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். அதை நான் இப்படிப் படித்தேன்:

'சாகு மா. முடியல.'

அதற்குப் பிறகு அவள் போன் அணைந்திருந்தது.

ராகி மாவு போன கதை

இந்தத் தொடரில் சென்ற வாரம் உங்களை விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவருகே விட்டுவிட்டு வந்தேன். பவி உள்ளே போனாள், நாங்கள் திரும்பினோம் என்று முடித்திருந்தேன். "அனுப்பிய பிறகு எப்படி இருந்தீர்கள்? என் மகனும் அடுத்த வருடம் போகிறான்" என்று தர்மபுரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டி கட்டிய வாரத்தில் எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் ராகி மாவைப் பற்றித்தான். சாமல்பட்டியிலிருந்து என் அண்ணன் அரைத்துக் கொடுத்தனுப்பிய மாவு. பவி அதை வெளியே எடுத்து வைப்பாள், நான் உள்ளே வைப்பேன். அவள் அப்பா கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"மா, அங்க பெரிய பெரிய கடையெல்லாம் இருக்கு."

"ராகி இருக்குதா?"

"ஓட்ஸ் இருக்குது."

"அது குதிரைக்கு. இதை வை."

கடைசியில் அவளுடைய இரண்டு புத்தகங்கள் வெளியே வந்தன, மாவு உள்ளே போனது. கணக்கு டீச்சரான நான்தான் இந்தத் தீர்ப்பைச் சொன்னேன் என்பதைப் பள்ளியில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டு மொழியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நான் ஊத்தங்கரைப் பக்கம் பிறந்தவள். எனக்குத் தமிழ் ஒன்றுதான். அவர் தேன்கனிக்கோட்டைக்காரர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம், கோபம் வந்தால் தெலுங்கு. பவி ஓசூர்த் தெருவில் வளர்ந்தவள், ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மொழியும் ஏறி இறங்கும். "பஸ் மாதிரி பேசறடி, எந்த ஸ்டாப்புல எது ஏறுதுன்னே தெரியல" என்று நான் திட்டுவேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு வந்தது காய்கறிக் கன்னடம் மட்டும். கத்தரிக்காய்க்கு பதனேகாயி, வெங்காயத்துக்கு ஈருள்ளி. அதற்கு மேல் போனால் தலையாட்டிவிடுவேன்.

தடம் புரண்டால் யார் சொல்வது?

பவி போவதற்குச் சில வாரம் முன்பு பெங்களூரில் ஒரு கூட்டத்துக்குப் போனோம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று நடத்தினார்கள். குளிர்சாதன அறை, ஆறிப்போன சமோசா. பேசிய பெண்மணி தமிழ்க்காரர்தான், நல்ல தெளிவாகப் பேசினார்.

"முதல் ரெண்டு மாசம் பிள்ளைங்களுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். நீங்க பதறாதீங்க. நீங்க ஸ்டேஷன், அவங்க டிரெய்ன். ஸ்டேஷன் என்னைக்காவது டிரெய்ன் பின்னாடி ஓடுமா?"

எல்லோரும் தலையாட்டினோம். பின் வரிசையிலிருந்து கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் எழுந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா.

"எல்லாம் சரிதான் மேடம். டிரெய்ன் தடம் புரண்டா ஸ்டேஷனுக்கு யாரு சொல்வாங்க?"

அறையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நானும்தான்.

அந்தப் பெண்மணியும் சிரிக்காமல் பதில் சொன்னதற்காக இன்றுவரை அவரை எனக்குப் பிடிக்கும். "நல்ல கேள்விங்க. ஒவ்வொரு கேம்பஸ்லயும் அவசரத்துக்குன்னு ஒரு நம்பர் இருக்கும், பகலும் ராத்திரியும் ஆள் இருப்பாங்க. அதைக் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. பிள்ளையோட கட்டடம் பேரு, ரூம் நம்பர், பக்கத்து ரூம் பிள்ளையோட பேரு, இதெல்லாம் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அப்புறம் அதை மறந்துட்டு உங்க வேலையைப் பாருங்க."

முதல் பாதியைச் சரியாகச் செய்தேன். எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இரண்டாவது பாதிதான் எனக்கு வரவில்லை.

சாப்பிட்டியா?

நான் சேலத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வார்டன் அறையில் ஒரே ஒரு போன் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை அப்பா ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறி வந்து, பூத்திலிருந்து கூப்பிடுவார். "நல்லா இருக்கியா?" "ம்." "சரி, வெக்கிறேன்." அவ்வளவுதான். அது அன்பில்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

எனக்கோ கையிலேயே போன். பவி கண் விழிக்கும் நேரத்தை இங்கிருந்தே கணக்குப் போட்டு அனுப்புவேன். எழுந்தியா? சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? ஸ்வெட்டர் போட்டியா? வெளியே மழையா? ஏன் பதில் இல்லை? செய்திக்குப் பக்கத்தில் நீலக்குறி விழுந்துவிட்டால், படித்துவிட்டும் பதில் போடவில்லையே என்று அடுத்த கவலை.

முதல் மாதம் படமாக வந்துகொண்டிருந்தது. மஞ்சள் இலை, பழைய செங்கல் கட்டடம், அவள் வைத்த கருகிய சாம்பார். இரண்டாவது மாதம் படங்கள் நின்றன. 'ம்' மட்டும் வந்தது. வீடியோவில் கூப்பிட்டால் "லைட் சரியில்லமா" என்று கேமராவை அணைத்துவிடுவாள். அங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறதாம்.

"அவ சரியில்லைங்க" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன்.

அவர் அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றும் வேலையில் இருப்பவர். அச்சை அவர்கள் டை என்பார்கள், ஒருமுறை ஊற்றுவதை ஷாட்டு என்பார்கள். "காலையில மெஷினை ஓட்ட ஆரம்பிச்சா டை ஜில்லுன்னு இருக்கும்" என்றார். "மொத கொஞ்சம் ஷாட்டு எவ்ளோ ஒழுங்கா அடிச்சாலும் பீஸு கோணலாத்தான் வரும். அதைத் திரும்ப உலையிலயே போட்டுருவோம். யாரும் மெஷினைத் திட்டமாட்டோம். டை சூடாகட்டும் சுமதி."

"அவ மெஷினா?"

"நான் அவளைச் சொல்லல. உன்னையும் என்னையும்தான் சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாளும் வழக்கம்போலவே அனுப்பினேன். எழுந்தியா? சாப்பிட்டியா?

அப்படி ஒரு மதியம், பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை விட்டிருந்த அன்று, வரிசையாக ஆறேழு கேள்வி அனுப்பிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தச் செய்தி.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அணைந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் இருந்த எண்ணை அழுத்தினேன். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறவள்தான். அன்று ஒரு முழு வாக்கியம் வாயில் வரவில்லை. "மை டாட்டர்… மை டாட்டர்…" என்றேன். எதிர்முனையில் இருந்த ஆண் குரல் அவசரப்படவில்லை. கட்டடம் பெயர் கேட்டது, அறை எண் கேட்டது. இதோ போய்ப் பார்க்கிறோம், பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறோம் என்றது. சொல்ல வேண்டிய விவரமெல்லாம் கைவசம் இருந்ததற்காகப் பெங்களூர்ப் பெண்மணியை நினைத்துக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்குள் என்னால் நிற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு சிப்காட்டுக்கு வந்துவிட்டேன்.

டீ வண்டி

காவலாளி போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காஸ்டிங் ஷாப் உள்ளே கடைசியில் இருக்கிறதாம், நடந்து வர நேரமாகும் என்றார். போன் மௌனமாக இருந்தது. அதன் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

வாசலுக்கு எதிரே ஒரு டீ வண்டி. கர்நாடகப் பதிவெண் போட்ட லாரியிலிருந்து ஒரு டிரைவர் குதித்து இறங்கிப் பெரிய ஸ்டீல் டம்ளரை நீட்டினார். டீக்காரர் தூக்கி ஊற்றினார். டம்ளர் நிறைந்தது. அவர் நிறுத்தவில்லை, பேச்சு சுவாரசியத்தில் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"சாக்கு, சாக்கு!" என்று கத்தினார் டிரைவர். "எஷ்டு ஹாக்தீயப்பா!"

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சாக்கு. போதும். கன்னடத்தில் போதும். ஓசூர்ச் சந்தையில் தினமும் காதில் விழும் வார்த்தை. என் காய்கறிக் கன்னடத்திலும் இருக்கிற வார்த்தை. கீரைக்காரியிடம் நானே சொல்கிற வார்த்தை. பவி சின்ன வயதில் தோசை போதுமென்றால் தட்டின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சொல்கிற வார்த்தை. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் 'சாகு'வுக்கும் கன்னட 'சாக்கு'வுக்கும் ஒரே 'கே'தான்.

சாக்கும்மா. முடியல.

போதும்மா, முடியல.

என் ஆறேழு கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கிறாள். சாவு என்று நான் படித்த மாதிரி யாரும் தமிழில் எழுதவே மாட்டார்கள், வாக்கியமே நிற்காது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பயம் இலக்கணம் பார்ப்பதில்லை.

அப்போது அவர் ஓடி வந்தார். பாதுகாப்பு ஷூ தடதடக்க, காதடைப்பான் கழுத்தில் தொங்க, முகமெல்லாம் கரி.

"இன்னா ஆச்சு? பவிக்கு இன்னா?"

போனை நீட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு அது கன்னடமாகத்தான் தெரிந்தது, ஒரு நொடிகூட ஆகவில்லை.

"சாக்கும்மா, முடியல… போதும்னு சொல்றா. இதுக்கா மெஷினை நிறுத்திட்டு ஓடியாறச் சொன்ன?"

"நான் வேற மாதிரி படிச்சுட்டேங்க."

"வேற எப்படிப் படிக்க முடியும் இதை?"

சொன்னேன். அவர் மறுபடி திரையைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு காவலாளியின் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"கேம்பஸ் நம்பருக்கு வேற கூப்பிட்டுட்டேன்" என்றேன். "போய்ப் பார்க்கறோம்னு சொல்லிட்டாங்க."

கையில் இருந்த போன் அடித்தது. பவி.

"அம்மா! செக்யூரிட்டிய அனுப்புனியா நீ?" குரல் உடைந்திருந்தது. "ரெண்டு பேரு வந்து கதவைத் தட்றாங்க. வராண்டால எல்லாக் கதவும் தொறந்துருச்சு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்கு எப்படி இருக்கும்னு யோசிச்சியா?"

"பவி, நீ அனுப்பின மெசேஜை நான்…"

"வேணாம்மா. நானே கூப்பிடறேன். அதுவரைக்கும் நீ கூப்பிடாத. மெசேஜும் போடாத. ப்ளீஸ்."

வைத்துவிட்டாள். காவலாளி தண்ணீர் நீட்டினார். "பொண்ணு கெடச்சுடுச்சாம்மா?" என்று கேட்டார். "கெடச்சுட்டா" என்றார் என் கணவர். நான் குடித்தேன்.

கதவு தட்டியவர்

அந்த வாரத்தில் செய்தி அனுப்பாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. கை தானாகப் போனுக்குப் போகும். அவர் என் போனை வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்துவிடுவார். உயிரோடு இருக்கிறாள் என்பது நிம்மதிதான். ஆனால் இனிமேல் என்னிடம் எதையும் சொல்லமாட்டாளோ என்ற பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தப்பான வாசிப்பில் மகளைத் தொலைத்துவிட்டேனோ என்று பள்ளியில் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே கூப்பிட்டாள். வீடியோவில். கேமரா திறந்திருந்தது. தலை வாரியிருந்தாள். நாங்கள் இருவரும் ஒரே திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அவள்தான் ஆரம்பித்தாள். "மா, ஒண்ணு சொல்லணும். நீ தப்பாத்தான் படிச்ச. ஆனா ரொம்பத் தப்பு இல்ல."

என் கணவரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அய்யோ, நீ நெனச்ச மாதிரி இல்லம்மா. அதெல்லாம் ஒரு நாளும் தோணல, சத்தியமா. ஆனா நாலஞ்சு நாளா கிளாஸுக்கே போகல. சாப்பிடல. அவங்க பேசற இங்கிலீஷ் புரியல. குரூப்புல எல்லாரும் கடகடன்னு பேசறாங்க, நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள வேற விஷயத்துக்குப் போயிடறாங்க. நாலு மொழி தெரிஞ்சும் ஊமை மாதிரி உக்காந்திருந்தேன். போர்வைக்குள்ளயே படுத்திருந்தேன். அப்பத்தான் நீ ஸ்வெட்டர் போட்டியான்னு கேட்ட."

கதவு தட்ட வந்த இருவரில் ஒருவர், என் வயதிருக்கும், ஒரு பெண். மற்றவரை அனுப்பிவிட்டு அந்த அம்மாள் மட்டும் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாராம்.

"மொதல்ல என்ன கேட்டாங்க தெரியுமா? கடைசியா எப்ப சாப்பிட்டேன்னு. நீ கேக்கற அதே கேள்விதான்மா. இங்கிலீஷ்ல கேட்டா எரிச்சல் வரல, அழுகைதான் வந்துச்சு."

அவரே பவியைக் கீழே அழைத்துப்போய் ஏதோ சூப் வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாணவர்களுக்கு உதவும் அலுவலகத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர்கள் ஆசிரியரிடம் பேசி, வாரம் ஒருமுறை பேச்சுப் பழகும் சின்னக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். உன் அம்மா கூப்பிட்டது நல்லதுதான், நானாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன் என்றாராம் அந்த அம்மாள்.

"ஆனா மா, இனிமே சாப்பிட்டியான்னு கேக்காத. கேட்டா சாப்பிட்டேன்னுதான் சொல்வேன், சாப்பிடலைன்னாலும். இன்னைக்கு யாரோட பேசினேன்னு கேளு. அதுக்குப் பொய் சொல்ல வராது."

தர்மபுரி வாசகிக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். இதை என் மகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஃபிரிட்ஜ் கதவில் எண்ணும் இருக்கட்டும். அதை நான் கிழிக்கவில்லை.

போன ஞாயிறு

இப்போது வாரத்தில் இரண்டு நாள் அவள் கூப்பிடுகிறாள். மற்ற நாட்களில் போன் சிணுங்கினால் எனக்கு இன்னும் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் அடிக்கிறது. அது போகும்போது போகட்டும்.

போன ஞாயிறு அடுப்படியைக் காட்டினாள். ராகி மாவு பொட்டலம் பாதி தீர்ந்திருந்தது. அடுத்த அறைப் பெண் களியைப் பார்த்துவிட்டு இதைச் சாப்பிட வேண்டுமா எறிய வேண்டுமா என்று கேட்டாளாம். இப்போது சனிக்கிழமைதோறும் அவளே தட்டோடு வந்து நிற்கிறாளாம். குழுவில் பவி முதல்முறையாக எழுந்து பேசியிருக்கிறாள். நடுவில் ஒரு கன்னட வார்த்தை விழுந்துவிட்டதாம். யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் தலையாட்டினார்களாம்.

"டை சூடாயிருச்சு" என்று அவர் என் காதருகே முணுமுணுத்தார்.

"சரிம்மா, நான் படிக்கணும்" என்றாள் பவி. "வேற எதாச்சும் கேக்கணுமா?"

கேட்க வேண்டியது வாய் நிறைய இருந்தது. கண்ணுக்குக் கீழே ஏன் கருப்பு? அந்த ஜன்னலில் காற்று வருகிறதா? இருமல் சத்தம் கேட்டதே? அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாக்கு" என்றேன்.

திரையில் அவள் முகம் ஒரு நொடி அசையாமல் நின்றது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எந்த சாக்கும்மா?"

"உங்கப்பா ஊரு சாக்குடி."

சிரித்தாள். தோசைத் தட்டின் மேல் கையை விரித்துக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. அதற்கப்புறம் படிக்கப் போகவில்லை. நாங்கள் ஒன்றுமே கேட்காமல், வெகுநேரம் அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.